அணையில் மீன்கள் செத்து மிதந்தால்: காரணத்தை எப்படித் தேடுவது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சிறிய அணையில் போன வாரம் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. அணைக்கு மேற்புறம் கரும்புத் தோட்டங்களும் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் உள்ளன. அதிகாரி ஒருவர் மதியம் வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். "ஆக்ஸிஜன் குறைவு, இயற்கையாக நடப்பதுதான்" என்று பதில் வந்தது. அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில்தான் நாங்கள் கோயிலுக்குக் கரகம் எடுக்கிறோம். உண்மைக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு முறை நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பி, ஆக்ஸிஜன் குறைந்து மீன் சாவது நடக்கக்கூடியதுதான். நன்னீரில் மீன்கள் மொத்தமாகச் சாவதற்கு அடிக்கடி காணப்படும் காரணமும் அதுவே. அதனால் அந்த அதிகாரி சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு கோப்பை மூடுவது, இறந்தவரின் சான்றிதழில் 'மூச்சு நின்றது' என்று மட்டும் எழுதிக் கொடுப்பதைப் போன்றது. மூச்சு ஏன் நின்றது? சாக்கடை கலந்தாலும் ஆக்ஸிஜன் குறையும். சர்க்கரை ஆலையின் மொலாசஸ், அதாவது கழிவுப் பாகு, கலந்தாலும் குறையும். களைக்கொல்லியில் பாசி மடிந்து அழுகினாலும் குறையும். இவை எதையும் இயற்கை என்று சொல்ல முடியாது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆக்ஸிஜன் குறைவு என்ற பதில் வந்த இடத்திலிருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும்.

அந்த அதிகாரி மதியம் வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. தண்ணீர் 25 பாகைச் சூட்டில் இருந்தால், கடல்மட்டத்தை ஒட்டிய நம் பக்கத்தில் ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 15 பாகை என்றால் 10. அதாவது கோடையில் மீனுக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் தண்ணீரில் அது குறைவாக இருக்கிறது. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும். 2-க்குக் கீழே சில மணி நேரம் நின்றால் சாவு விழும்.

பச்சைப் பாசி மண்டிய அணையில் இந்த அளவு ஒரே நாளில் மேலும் கீழும் பாயும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்ஸிஜனை வெளியிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு மீட்டரை இறக்கினால் 12, 14 என்றுகூடக் காட்டும். இருட்டியதும் அதே பாசி மூச்சுவிடத் தொடங்கும், அடிச்சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் இழுக்கும். பொழுது விடியும் முன் அளவு ஒன்றுக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் கரையில் நின்று பார்த்தால் தெரியும்: மீன்கள் தலையை மேலே நீட்டி, வாயை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு, காற்றும் தண்ணீரும் சேரும் அந்த மெல்லிய மேல்படலத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஓடை வந்து விழும் வாய்க்கால் பக்கம் கூட்டமாக நெருக்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணி ஆனால் பிழைத்தவை கீழே இறங்கிவிடும், செத்தவை மட்டும் மிதக்கும். மதியம் வருகிறவர் செத்த மீனையும் ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீரையும்தான் பார்ப்பார். ஆகவே முதல் கேள்வி இதுதான்: அவர் ஆக்ஸிஜனை எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்தில் அளந்தார்? அளந்தாரா, அல்லது ஊகித்தாரா? பாட்டிலில் பிடித்த தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் பார்க்க முடியாது. வழியிலேயே அளவு மாறிவிடும். அங்கேயே மீட்டரை இறக்க வேண்டும், அல்லது மருந்து ஊற்றி அந்த இடத்திலேயே ஆக்ஸிஜன் அளவு மாறாமல் நிலைநிறுத்த வேண்டும்.

அடுத்தது, எந்த மீன் செத்தது என்பது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நீங்களே எடுக்கக்கூடிய மிகப் பெரிய துப்பு இதுதான். நம் ஊர் அணைகளில் இருக்கும் பார்பல், அதாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி, செவுளோடு காற்றை நேரடியாக உறிஞ்சும் உறுப்பும் கொண்டது. தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். ஆக்ஸிஜன் மட்டும்தான் பிரச்சினை என்றால் பாஸ் என்ற மீனும் மற்ற மீன்களும் சாகும்போது பார்பல் பெரும்பாலும் தப்பிவிடும். பார்பலும் சேர்ந்து செத்துக் கிடந்தால் விஷம் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இதைத் தலைகீழாக்கிச் சொல்லக் கூடாது: பார்பல் பிழைத்திருப்பதால் சாக்கடை கலக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் அம்மோனியாவையும் அது மற்ற மீன்களைவிட நன்றாகத் தாங்கும்.

அளவையும் பாருங்கள். ஆக்ஸிஜன் குறையும்போது பெரிய மீன் முதலில் போகும், குஞ்சுகள் மேல்மட்டத்தில் தாக்குப்பிடிக்கும். பூச்சிமருந்து கலந்தால் சிறியது பெரியது பார்க்காது. நண்டு, இறால், தும்பியின் புழு, நீர்ப்பூச்சி எல்லாம் மீனோடு சேர்ந்து அல்லது மீனுக்கு முன்பே சாகும். பைரித்ராய்டு வகை மருந்துகள் நண்டு இறால் இனத்தை மிக நுண்ணிய அளவிலேயே கொல்லும். எனவே கரையோரக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். கல்லுக்கு அடியில் உயிர் ஓடுகிறதா, எல்லாம் ஓய்ந்து கிடக்கிறதா என்பது ஆய்வக அறிக்கைக்கு நிகரான தகவல். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தால் செத்த மீனுக்குப் பக்கத் துடுப்புகள் முன்பக்கமாக விறைத்து நிற்பதுண்டு. அப்படிக் கண்டால் மூளையில் உள்ள ஒரு நொதியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும், அதற்கு மீனின் தலை கெடாமல் கிடைக்க வேண்டும்.

ஒரே இனம் மட்டும் செத்தால் கதை வேறு. குளிர்காற்று திடீரென்று இறங்கித் தண்ணீர் 10 பாகையை நெருங்கினால் திலேப்பியா, நம் ஆட்கள் குர்ப்பர் என்பது, உடலில் பூஞ்சை படர்ந்து சாகும், பக்கத்தில் கார்ப் கெண்டை சுகமாக நீந்திக்கொண்டிருக்கும். கார்ப் மட்டும் நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தால் நோயைச் சந்தேகிக்கலாம். தோலில் ஆழமான புண்கள் இருந்தாலும் அப்படித்தான். 2006 முதல் ஜாம்பேசி ஆற்றில் மீன்களுக்குப் புண்நோய் பரவியது, அங்கேயும் முதலில் பலர் சொன்னது மாசு என்றுதான். நோயென்றால் சாவு மெதுவாக வரும். விஷமும் மூச்சுத்திணறலும் சில மணி நேரத்தில் முடித்துவிடும்.

சாக்கடை விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் சொல்லும் இடத்தில் அதுதான் முதல் சந்தேகம். சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டாரோ காற்றூட்டும் கருவியோ நின்றுபோனால் சரியாகச் சுத்தம் ஆகாத கழிவுநீர் ஓடைக்கு வந்துவிடும். அதிலுள்ள அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது, ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் செலவாகும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியா போதும், கோடைத் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் முழுவதையும் தின்றுவிட. அதோடு அம்மோனியாவே நேரடி விஷமும்கூட. இங்கே பிஎச் அளவை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைக் கவனிக்க வேண்டும். 25 பாகையில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் 5 பங்கு, 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாசி மண்டிய அணையில் பகலில் பிஎச் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக அதே அளவு சாக்கடை, பாசி இல்லாத நீரில் தொந்தரவு செய்யாமல் போகும், பாசி நிறைந்த நீரில் பிற்பகலில் அம்மோனியாவாகவும் விடியற்காலையில் மூச்சுத்திணறலாகவும் இரண்டு பக்கமும் தாக்கும். பாசி மண்டியதே பல ஆண்டுகளாக வந்து சேர்ந்த சாக்கடைப் பாஸ்பரஸால்தான் என்றால், அந்த விடியற்காலைச் சாவை எப்படி இயற்கை என்பது? ஜோகன்னஸ்பர்க்கின் கழிவைத் தாங்கி நிற்கும் ஹார்ட்பீஸ்பூர்ட் அணையின் பச்சை நீரைப் பார்த்தவர் யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தமாட்டார்கள்.

2022-இல் வெளியான 'பச்சைத் துளி' (Green Drop) என்ற கழிவுநீர் நிலைய மதிப்பீட்டு அறிக்கை, நாட்டின் நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகளில் 334 மிக மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. அந்த அறிக்கையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு, பொதுமக்கள் பார்க்கலாம். உங்கள் ஊர் நிலையத்தின் பெயரை அதில் தேடுங்கள். வெளியேற்றும் நீருக்கு நாட்டின் பொது வரம்பு அம்மோனியா லிட்டருக்கு 6 மில்லிகிராம், வேதி ஆக்ஸிஜன் தேவை (நீரிலுள்ள கழிவை வேதி முறையில் சிதைக்க வேண்டிய ஆக்ஸிஜன்) 75 மில்லிகிராம், மலக்கிருமி 100 மில்லிக்கு 1000. உங்கள் நிலையத்துக்குத் தனி உரிமம் இருந்தால் அதில் வரம்பு வேறாக இருக்கலாம், உரிமத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கரும்புத் தோட்டத்தையும் விட்டுவிட முடியாது. நம் முன்னோர் 1860 முதல் வேலை செய்த அதே நிலம் இது, மழைநீர் எந்த மடுவில் இறங்கி எங்கே போகும் என்பதைப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். களைக்கொல்லி தெளித்த மறுநாள் பெருமழை பெய்ததா? டையூரான் போன்ற மருந்து மீனை நேரே கொல்வதைவிடப் பாசியைக் கொன்று, அது அழுகி, அதன் வழியாக மீனைக் கொல்லும். அப்போதும் மீட்டர் 'ஆக்ஸிஜன் குறைவு' என்றுதான் காட்டும். தெளித்த தேதி, மழை பெய்த நேரம், மீன் மிதந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இனி, அடுத்த முறை செய்ய வேண்டியது. முதல் சில மணி நேரத்தில் எடுக்காத சாட்சியம் திரும்பக் கிடைக்காது. ஓடையில் கலந்த விஷம் மீனைக் கொன்றுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். செத்த இடத்தில் மட்டும் பாட்டில் பிடிப்பது பலரும் செய்யும் தவறு. மீன் உயிரோடு இருக்கும் எல்லை எங்கே முடிந்து செத்த மீன் எங்கே தொடங்குகிறது என்று ஓடை வழியாக மேலே நடந்து பாருங்கள். அந்த எல்லைக்கு மேலே ஒரு மாதிரி, சந்தேகக் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒன்று, கீழே ஒன்று, அணைக்குள் ஒன்று. 2019 ஆகஸ்ட்டில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையிலிருந்து காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் பெயின்ஸ்ப்ரூட் ஓடையில் இறங்கி, உம்சுண்டூசி ஆற்றில் நெடுந்தூரம் மீன்களைக் கொன்றது. அதுபோன்ற சம்பவத்தில் ஆற்றின் மேற்பகுதியில் மீன் உயிரோடிருப்பதும், ஒரு சிற்றோடை சேர்ந்த இடத்திலிருந்து கீழே எல்லாம் செத்திருப்பதும்தான் விரலை நீட்டிக் காட்டும்.

பூச்சிமருந்துக்கு எடுக்கும் தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சிவிடும். உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் சரி. ஆய்வகத்தை முன்கூட்டியே கேட்டால் கழுவிய பாட்டில்களைக் கொடுப்பார்கள், ஒரு பெட்டியில் போட்டு கோயில் அலுவலகத்திலோ மீன்பிடிச் சங்கத்திலோ வைத்திருங்கள். பிடித்த தண்ணீரை ஐஸ்பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும், உறைய வைக்கக் கூடாது. மீட்டர் இல்லாவிட்டால் வண்ணமீன் கடையில் விற்கும் சொட்டு மருந்துப் பெட்டியே ஆக்ஸிஜன், பிஎச், அம்மோனியா மூன்றையும் ஓரளவு சொல்லும். நீதிமன்றத்தில் அது நிற்காது, ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே இருந்தவர் நீங்கள் மட்டும்தான் என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

மீனை எடுக்கும்போது, சாகும் தறுவாயில் தள்ளாடுவதுதான் மிகச் சிறந்த மாதிரி. அடுத்தது கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கும் புதுச்சாவு. வயிறு ஊதி, செவுள் வெளுத்து, நாற்றமெடுத்த மீனால் ஆய்வகத்துக்குப் பயனில்லை. சில மீன்களை அலுமினியத் தாளில் சுற்றி உறைய வையுங்கள், அது விஷத்தைத் தேட. வேறு சிலவற்றை உறைய வைக்காமல் ஐஸில் மட்டும் வைத்து அன்றே கால்நடை ஆய்வகத்தில் சேருங்கள், அது நோயைத் தேட. உறைந்த மீனின் திசுக்கள் சிதைந்துபோகும், நுண்நோக்கியில் ஒன்றும் தெரியாது. பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் அல்லர்ட்டன் மாகாணக் கால்நடை ஆய்வகம் இருக்கிறது, புறப்படும் முன் போன் செய்து மீன் எடுப்பார்களா, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் இடம், நேரம், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள், வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, நீர்நிலையில் மாசு கலக்கும் விபத்தைப் பற்றி நீர்த் துறைக்கோ காவல்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ உடனே தெரிவிக்கச் சொல்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் எடுக்கவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்ப் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். அதே ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தில் சுற்றுச்சூழல் ஆபத்தை வெளியே சொன்னவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆலையிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், பல நேரம் மோட்டார் நின்ற இரவைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும். போன வாரம் எடுத்த அந்த ஒரு பாட்டிலின் முடிவை, 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கேட்கும்போது 'என்ன சோதித்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எந்த ஆய்வகம்' என்று தனித்தனியாகக் கேளுங்கள். பூச்சிமருந்துக்குச் சோதிக்கவே இல்லை என்றால் 'பூச்சிமருந்து காணப்படவில்லை' என்ற வரிக்குப் பொருள் இல்லை.

சம்பவம் இல்லாத நாட்களிலும் ஒரு வேலை இருக்கிறது. மினிசாஸ் என்ற முறை நம் மாகாணத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்வது: ஓடைக் கல்லுக்கு அடியில் வாழும் புழுபூச்சிகளை வலையில் பிடித்து, எந்தெந்த வகை இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது. ஓடும் நீருக்குத்தான் பொருந்தும், அணைக்குள் செய்ய முடியாது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மேலும் கீழும் மாதம் ஒருமுறை செய்து வந்தால், மீன் சாகும் முன்பே ஓடை நோயுற்றது தெரிந்துவிடும். 'முன்பு எப்படி இருந்தது' என்பதற்கான ஒரே ஆதாரமும் அதுதான்.

செத்து மிதக்கும் மீனை யாரும் எடுத்துச் சமைக்கக் கூடாது. அணைக்கரைக் குடிசைகளில் இருப்பவர்களிடம் ஜூலுவில் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பி முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். பூச்சிமருந்தும் சரி, நீலப்பச்சைப் பாசியின் நஞ்சும் சரி, கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. பச்சை வண்ணக் கரைசல் போலப் பாசி ஒதுங்கிய கரையில் மாட்டையும் நாயையும் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

கரகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தைப்பூசமும் அதையொட்டிய விழாக்களும் வருவது வெயிலும் மழையும் சேர்ந்த காலத்தில், ஓடையில் சாக்கடை வழியும் காலமும் அதுவே. உடல் முழுக்க நனையும் குளியலுக்கு இந்த நாட்டு வழிகாட்டி சொல்லும் அளவு 100 மில்லிக்கு 130 ஈகோலை என்ற மலக்கிருமி. விழாவுக்கு ஒரு வாரம் முன்பும், பிறகு இரண்டு நாள் முன்பும், ஆற்றில் நீங்கள் இறங்கும் அதே இடத்தில் மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். இந்த ஒரு சோதனைக்குப் பெரிய செலவு ஆகாது, கோயில் கமிட்டி தாங்கும். அளவு கூடியிருந்தால் பூசையை ஆற்றங்கரையிலேயே செய்யுங்கள், குடத்துக்கும் குளியலுக்கும் குழாய் நீரை லாரியில் கொண்டுவாருங்கள். குழந்தைகளையும், அலகு குத்தி உடலில் புண் உள்ளவர்களையும் அந்த நீரில் இறக்க வேண்டாம். அந்தச் சோதனை முடிவின் நகலை நீர்த் துறைக்கும் அனுப்பி வையுங்கள், வழிபாட்டு இடத்தில் இத்தனை பேர் இறங்கும் ஆறு இது என்ற குறிப்போடு.